கண்ணில் பறக்கும் பூச்சி



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவது வழக்கம். ஆனால் நம் அண்ணன் தன் கடைசி இரண்டு ஆண்டுகளில் தன் கையெழுத்தையே படிக்க முடியாமல் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அதனால் இன்று கண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு மாலை கூட்டம் முடிந்து நோட்டீஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். “தம்பி, கண்ணுல பூச்சி பறக்குதுப்பா” என்றார். “மத்தியானம் சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டேன். சாப்பிடவில்லை. ஒரு பன்னும், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது அன்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அன்று நான் கேட்டது தவறான கேள்வி இல்லை. நம் சேரியில் “கண்ணில் பூச்சி பறக்குது” என்றால் பசி என்றுதான் பொருள். நடவுக்குப் போன அம்மாக்கள் சொன்ன சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டால் கஞ்சி கொடுப்போம், நிழலில் உட்கார வைப்போம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. தலைமுறை தலைமுறையாகப் பட்டினி கிடந்த மக்களுக்கு நோயும் பசியின் பெயரிலேயே வருகிறது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விழியின் உள்ளே தெளிந்த கூழ் போன்ற ஒரு பொருள் நிறைந்திருக்கிறது. வயதாக ஆக அது சுருங்கும். அதிலுள்ள இழைகளின் நிழல் விழித்திரையில் விழும்போது புள்ளியாக, நூலாக, கொசுவாகத் தெரியும். பெரும்பாலும் இதனால் ஆபத்து இல்லை. நாளடைவில் பழகிவிடும்.

ஆனால் திடீரென்று பூச்சிகள் கூட்டமாகப் பெருகினால், கண்ணோரத்தில் மின்னல் வெட்டினால், ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கினால், அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழித்திரை கிழிந்திருக்கலாம். கிழிசலாக இருக்கும்போதே பார்த்தால் லேசர் கொண்டு அடைத்துவிட முடியும். திரை பிரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். வலி இருக்காது. வலிக்காத நோய்க்காகக் கூலியை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும், உடையும். அந்த ரத்தம்தான் பூச்சியாகவும் ஒட்டடையாகவும் மிதக்கும். பூச்சி தெரியும்போது நோய் பழையதாகியிருக்கும். ஆகவே பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

அண்ணனை முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன், ஊசி, லேசர் என்று ஒரு தாளில் எழுதி, பணம் ஏற்பாடு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. அடுத்தவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு உண்டியல் ஏந்தியவர், தன் கண்ணுக்காக ஒரு ரூபாய் கேட்கவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனபோது ஒரு கண் முடிந்துபோயிருந்தது. “ஏன் முன்னாடியே வரல?” என்று கேட்டார் மருத்துவர். அண்ணன் சிரித்தார்.

அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்வோம். அரசு மருத்துவமனையில் சீட்டு இலவசம், சொட்டு மருந்து இலவசம். ஆனால் விழித்திரையைப் பார்க்கப் பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். அன்று வேலைக்குப் போக முடியாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும். இரண்டு பேரின் கூலி போகும். மறுபடி வரச் சொன்னால் மறுபடி இரண்டு கூலி. இலவசத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

பணம் மட்டும்தான் தடையா? அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தீண்டப்படாத ஆசிரியர் எழுதி, 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’ இதழில் வெளியான கடிதம் அது. பிள்ளை பெற்ற அவருடைய மனைவிக்கு உடம்பு முடியவில்லை. மருத்துவருக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். அவர் சேரிக்குள் வர மறுத்தார். நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்து, தெர்மாமீட்டரை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்தார். அந்தப் பெண் இறந்துபோனார். கட்டணம் இருந்தது. தொட ஆள் இல்லை.

கண் மருத்துவம் எட்ட நின்று செய்ய முடியாதது. விழித்திரையைப் பார்க்க மருத்துவரின் முகம் நோயாளியின் முகத்தை நெருங்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து டார்ச் அடித்து “புரை இல்ல, போ” என்று சொல்லும் இடத்தில் விழித்திரை நோய் தப்பிவிடும்.

அண்ணலும் சர்க்கரை நோயால் துன்பப்பட்டவர். கடைசி ஆண்டுகளில் அவர் பார்வையும் மங்கியது. அந்த உடல்நிலையில்தான் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை எழுதினார். 1957இல் அது அச்சில் வந்தபோது அவர் இல்லை.

தமிழ்நாட்டில் கண் மருத்துவம் இல்லாமல் இல்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், ஏழைகளுக்கு இலவசமாகவும் சிகிச்சை தரும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் அது வேண்டும் என்று கேட்போம். பரிசோதனை நாளுக்குக் கூலி இழப்பீடும் கேட்போம். இது பிச்சை இல்லை, உரிமை.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இனி யாராவது “கண்ணில் பூச்சி பறக்குது” என்றால் முதலில் சோறு போடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். திடீரென்று வந்ததா? மின்னல் தெரிகிறதா? சர்க்கரை பார்த்தீர்களா? பிறகு அவரோடு பேருந்தில் ஏறுங்கள். துணைக்குப் போவதும் இயக்க வேலைதான்.

நான் அன்று டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.