எறியும் கையும் பொறுக்கும் கண்ணும்



சித்திரைப் புத்தாண்டு பிறந்துவிட்டால், மாத்தளை மாவட்டத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்துள்ள லக்கல போன்ற ஊர்களில் எல்லே விளையாட்டின் ஆரவாரம் எழுவது இயல்பு. உறுதியான மூங்கிற்கோல் ஒன்றும் பந்து ஒன்றும் போதும். ஊரே திடலிற் கூடிவிடும். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள். பந்தை அடித்தபின் எல்லைகளைச் சுற்றி ஓடி வருதல் வேண்டும். இந்த எல்லேயை அறிந்தவருக்கு, அமெரிக்கரும் ஜப்பானியரும் போற்றும் பேஸ்போல் ஆட்டம் முற்றிலும் அந்நியமானதன்று. தூரத்து உறவினர் வீட்டுப் பிள்ளை போன்றதே எனலாம்.

அவ்வாட்டம் நம் நாட்டிலும் வேரூன்றி வருகின்றது. ஜப்பானின் உதவியோடு தியகமவில் அதற்கெனத் தனித் திடல் அமைந்தது. 2019ஆம் ஆண்டில் தைவானில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் இலங்கை அணியும் பங்குகொண்டது. ஆயினும், இவ்வாட்டத்தைப் புதிதாகக் கற்கும் எந்த அணியையும் இரண்டு குறைகள் வாட்டுகின்றன. ஒன்று, எறிபவரின் கை குறியில் நில்லாமை. மற்றொன்று, அடிப்பவரின் கண் பொறுமை கொள்ளாமை.

எறிபவர் நிற்குமிடத்திலிருந்து அடிப்பவரின் தளம் 60 அடி 6 அங்குலத் தொலைவில் உள்ளது. அத்தளத்தின் அகலமோ 17 அங்குலமே. அதன்மேல், அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியினூடே பந்து செல்லுதல் வேண்டும். அடிப்பவர் கோலை வீசாதிருக்க, பந்து நான்கு முறை அவ்வெளிக்குப் புறம்பே சென்றால், அவர் முதல் தளத்துக்கு இலவசமாக நடந்து செல்லலாம். தளங்கள் மூன்றும் நிரம்பியிருக்கும் வேளையில் இது நேர்ந்தால், ஓர் அடிகூட இன்றி எதிரணிக்கு ஓட்டம் கிடைத்துவிடும். கிரிக்கெட்டில் வைட் பந்து ஓர் ஓட்டத்தைக் கொடுப்பதை நாம் அறிவோம். பேஸ்போலிலோ அது சிறுகச் சிறுகச் சேர்ந்து ஆட்டத்தையே கொடுத்துவிடுகின்றது.

குறி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வலிமைக் குறைவன்று. வலிமையை அடக்கத் தெரியாமையே. சாண்டி கோஃபாக்ஸ் என்னும் புகழ்பெற்ற எறிவாளரின் வரலாறு இதற்குச் சான்று. 1955 முதல் 1960 வரையிலான ஆறு பருவங்களில் அவர் பெற்ற வெற்றி 36; தோல்வி 40. 1960ஆம் ஆண்டில் 175 இன்னிங்ஸ்களில் 100 பேரை இலவசமாக நடக்கவிட்டார். 1961இல், பயிற்சி ஆட்டமொன்றில், பந்து பிடிப்பவராயிருந்த நார்ம் ஷெர்ரி அவரை அணுகி, முழு ஆற்றலையும் கொட்டி எறியாமல் சற்றுத் தளர்த்தி எறியுமாறு கூறினார். கோஃபாக்ஸ் அவ்வாறே செய்தார். வேகம் குறையவில்லை, குறியோ நிலைத்தது. 1963ஆம் ஆண்டில் 311 இன்னிங்ஸ்களில் அவர் இலவசமாக விட்டது 58 பேரை மட்டுமே. அப்பருவத்தில் 25 வெற்றி, 5 தோல்வி.

இனி அடிப்பவரைப் பார்ப்போம். குறி தவறிய பந்தை விட்டுவிட்டால் அது எறிபவரின் குற்றம். அதைத் துரத்திச் சென்று வீசித் தவறவிட்டாலோ, பிறர் குற்றத்தைத் தன் குற்றமாக ஏற்றுக்கொண்டவராகின்றார் அடிப்பவர். டெட் வில்லியம்ஸ் என்னும் பெருவீரர் தம் நூலொன்றில் அடிக்கத்தக்க வெளியை 77 பந்துகளாகப் பிரித்துக் காட்டினார். நடுவே வரும் பந்துகளை அடித்தால் ஆயிரத்துக்கு 400 என்ற அளவில் வெற்றி காணலாம். கீழ்ப்புற வெளிமூலையில் வருவதை அடித்தால் 230தான் என்பது அவர் கணிப்பு. ஒரே கை, ஒரே கோல். தெரிவு மாறினால் விளைவும் மாறுகின்றது. 1941ஆம் ஆண்டில் அவர் 147 முறை இலவசமாக நடந்தார். வீசித் தவறியோ பார்த்து நின்றோ மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழந்தது 27 முறையே. அவ்வாண்டு அவருடைய அடிவீதம் ஆயிரத்துக்கு 406!

ஆகவே, இவ்விரு குறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஒருவர் அவசரப்பட்டு எறிகின்றார். மற்றவர் அவசரப்பட்டு அடிக்கின்றார். இரண்டும் ஓர் அணியில் சேர்ந்துவிட்டால், அவ்வணி எதிரிக்கு இருமுறை ஈகின்றது.

இங்கே பயிற்றுவோரும் பெற்றோரும் கருதவேண்டியது ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டில், 21 வயதே நிரம்பிய ரிக் அங்கீல் என்னும் எறிவாளர், பெரும்போட்டி ஒன்றில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து முறை பந்தைக் கட்டுமீறி எறிந்தார். அதன்பின் பழைய குறி அவருக்கு மீளவில்லை. ஆயினும் அவர் ஆட்டத்தைக் கைவிட்டாரில்லை. 2007இல் அடிப்பவராகவும் வெளிக்களக் காப்பாளராகவும் மீண்டும் பேரணியில் இடம்பெற்றார். குறி தவறுவது சோம்பலாலும் திமிராலும் மட்டுமே நேர்வதன்று. அச்சமும் கையைக் கட்டிவிடும். அத்தகைய பிள்ளையைத் திடலின் ஓரத்தில் நின்று ஏசுவதால் குறி திரும்புமா? ஒருபோதும் இல்லை.

நம் கிராமத்துத் திடல்களில் வேகமாக எறியும் சிறுவனுக்கும், மரத்துக்கு மேலே அடிக்கும் சிறுமிக்கும் கைதட்டல் குறைவதில்லை. நன்று. ஆனால், அடிக்கத் தகாத பந்தை அமைதியாகப் பார்த்துவிடும் பிள்ளைக்கும், வேகத்தைக் குறைத்துக் குறியை நாடும் பிள்ளைக்கும் கைதட்ட நாம் பழகவேண்டும். மழை பார்த்து விதைக்கும் சேனைப் பயிர்ச்செய்கையாளருக்குப் பொறுத்திருத்தலும் ஒரு தொழிலே என்பது தெரியும். அந்த அறிவு அவர் வீட்டுப் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் வந்து சேருமானால், வெற்றி தானே பின்தொடரும்.