வீட்டறையில் ஒரு வாத்தியக் குழு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்தி, இரயில்வே அலுவலகக் கணக்கேடுகளோடு காலங் கழிக்கும் எம்மை இசை பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். யாம் இசைவாணர் அல்லோம். எனினும் ஓய்வு வேளைகளில் வீட்டுக் கணினியில் சிந்தசைசர் இசை அமைக்கும் பழக்கம் எமக்குச் சில ஆண்டுகளாக உண்டு. அதுபற்றி இரண்டு வினாக்களுக்கு மட்டும் விடை கூற விழைகின்றோம். கற்பனை எங்கிருந்து பிறக்கும்? கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

நம் இளைஞர் பலர் இசையார்வம் மிக்கவர். ஆனால், "கருவி போதவில்லை, அதனால் பாட்டு வரவில்லை" என்கின்றனர். சிலர் தவணைக் கடனில் புதுக் கருவிகள் வாங்குகின்றனர். வேறு சிலர் நூற்றுக்கணக்கான மெய்நிகர் இசைக்கருவிகளைக் கணினியில் இறக்கி, ஒவ்வோர் ஒலியாகத் தட்டிப் பார்ப்பதிலேயே இரவைக் கழிக்கின்றனர். விடிந்த பின் எஞ்சியிருப்பது என்ன? முற்றுப்பெற்ற பாட்டு ஒன்றேனும் உண்டா? அன்பர்களே, கைப்பொருளும் கண்ணுறக்கமும் போவதைவிட ஆர்வமே பட்டுப்போவதுதான் பேரிழப்பு அன்றோ?

மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங் என்னும் இசைக்கலைஞர் 1982-ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் கையாண்டவை ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர் 8, டிபி 303, டிஆர் 808 என்னும் மூன்றே கருவிகள். அம்மூன்றைக் கொண்டு பத்து இராகங்களை அவர் இசைத்தார். அன்று அதனைப் பெரிதாகக் கேட்பாரில்லை. பல்லாண்டுகள் கழித்தே உலகம் அதனைத் தேடியெடுத்து வியந்தது. இன்று நம் மேசைமேல் இருக்கும் எளிய கணினியில் அம்மூன்றையும் விஞ்சிய வசதிகள் உண்டு. குறை கருவியில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம்மவரையும் எண்ணிப் பார்ப்போம். தமிழரான ஆர். கே. சேகர் இம்மலையாள நாட்டின் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். 1976-இல் அவர் மறைந்தபின், அவர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் வாழ்ந்தது. அவருடைய மகனார் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் புறத்தே சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை அங்கே உருவாயிற்று. வீட்டிலிருந்தும் நாடு போற்றும் இசை பிறக்கும் என்பதற்கு அஃதொரு சான்று.

இனி, தேர்வு முறைக்கு வருவோம். முதலில் மெட்டை வாயால் முணுமுணுத்துக் கைப்பேசியில் பதிந்து கொள்ளுங்கள். பின்னரே கருவியை நாடுங்கள். சுருதிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, அடியொலிக்கு ஒன்று. தொடக்கத்தில் இந்நான்கு போதும். எஞ்சினின் இழுவிசை அறிந்தே சரக்குப் பெட்டிகளைக் கோப்பது எம் தொழிலின் நெறி. கணினிக்கும் அந்நெறி பொருந்தும். அளவுக்கு மிஞ்சிக் கோத்தால் வண்டி மேட்டில் நின்றுவிடும்.

மெய்நிகர் கருவிகள் பெரும்பாலும் இருவகைப்படும். உண்மை வாத்தியங்களின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்தவை ஒருவகை. இவை கணினியில் பேரிடம் கொள்ளும். பதிந்த ஒலியை மிகுதியாக வளைத்தால் செயற்கையாக ஒலிக்கும். மற்றொரு வகை, ஒலியலையைத் தானே பிறப்பித்து, வடிகட்டி, அது எழுவதையும் தேய்வதையும் நம் விருப்பத்துக்கு விடுவது. நம் இசைக்கு உயிர் கமகம். விசைப்பலகையில் அது பேசாது என்பதே பழைய குறை. 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி விலக்கி வைத்ததற்கும் இக்குறையே ஒரு காரணம். இரண்டாம் வகைக் கருவியிலோ அக்குறைக்கு மருந்துண்டு. ஒருவேளையில் ஒரு சுரமே ஒலிக்குமாறு அமைத்து, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதியை இயக்கி, சுருதி வளைக்கும் சக்கரத்தையும் பழகினால் தோடியும் ஓரளவு அசையும். ஆகவே மெட்டுக்கு இவ்வகையையே தேருங்கள். சர்ஜ், வைட்டல், 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7-இன் வழிவந்த டெக்ஸ்டு ஆகியவை விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து ஆறு திங்கள் பழகுங்கள்.

கற்பனைக்கு எங்கே போவது? நாம் நிற்கும் இம்மண்ணையே பாருங்கள். இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் 1920-களிலும் 30-களிலும் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டியெடுத்த சேறும் மணலுமே வெலிங்டன் தீவாக உயர்ந்தது. வேண்டாமென எடுத்தது வாழும் நிலமாயிற்று! நாம் கேளாமல் தள்ளும் ஒலிகளும் அத்தகையனவே. கப்பலின் ஊதல், பாலத்தின்மேல் சக்கரங்களின் தாளம், தகரக் கூரைமேல் இடவப்பாதி மழை ஆகிய யாவும் இசைக்கு மூலப்பொருள்கள். அவற்றைப் பதிந்து கணினியில் இட்டால் அவையே புதுக் கருவிகளாகும்.

அவை அனைத்தினும் சிறந்த மூலப்பொருள் நம் இல்லங்களில் உள்ளது. நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த பாட்டிமாரின் தாலாட்டும் நடவுப் பாட்டும் இங்குப் பிறந்த பிள்ளைகளின் செவிக்கு எட்டுவதில்லை. அம்முதியோர் மறைந்தால் அவ்விசையும் உடன் மறையும். அதனை மீட்டுத்தரும் கருவி எந்தக் கடையிலும் கிடையாது.

ஆதலின் இளைஞர்களே! இவ்வாரமே உங்கள் பாட்டியின் அருகமர்ந்து ஒரு தாலாட்டைப் பதிவு செய்யுங்கள். அதனடியில் ஒரு சுருதியும் மெல்லிய ஒரு தாளமும் சேர்த்து, மூன்று நிமிடப் பாட்டாக முடித்துக் கொணருங்கள். அடுத்த ஆண்டு விழா அப்பாட்டுகளோடு தொடங்க வேண்டுமென்பது எமது வேணவா.