வலிப்பும் மருந்தும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீதியில் ஒரு பிள்ளை வலிப்பு வந்து விழுந்தால் நாம் என்ன செய்கின்றோம்? ஒருவர் இரும்புத் திறப்பைக் கையில் திணிப்பார். இன்னொருவர் பேய்க் கோளாறு என்பார். பெற்றோரோ ஊரறியாமல் மறைத்துவிடுவர். இம்மறைப்பினால் படிப்பும் மணவாழ்வும் இழந்தோர் பலர். ஆகவே, இந்நோய்க்கு மருந்து தேடியோர் பட்ட பாட்டைச் சொல்ல விழைகின்றேன்.

மூளையின் நரம்புக் கலங்கள் மின்துடிப்பினால் தொழிற்படுகின்றன. அத்துடிப்பு கட்டுமீறி ஒன்றுதிரண்டு எழும்போது வலிப்பு தோன்றுகின்றது. 1912இல் ஜெர்மானிய வைத்தியர் ஹவுப்ட்மன், தூக்க மருந்தாகிய பினோபார்பிட்டோன் வலிப்பையும் தணிப்பதைக் கண்டார். மயக்கம் வந்தாலன்றி வலிப்பு அடங்காது என்ற எண்ணமே அக்காலத்தில் நிலவிற்று.

இதனை ஐயுற்றோர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஆராய்ந்த பட்னம், மெரிட் என்னும் இருவர். பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கி, பல சேர்வைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தனர். நம் புல்மோட்டைக் கரையின் கரிய மணலிலிருந்து கனியங்களைப் பிரித்தெடுப்பது போன்ற வேலை அது. 1908இலேயே ஆக்கப்பட்டு, தூக்கம் தராததால் ஒதுக்கப்பட்டிருந்த பினைற்றோயின் அச்சோதனையில் வென்றது. நோயாளரிடம் அது தந்த பயனை 1938இல் அவர்கள் வெளியிட்டனர். அறிவு மயங்காமலே வலிப்பை அடக்கலாம் என்பது மெய்யாயிற்று.

நோவுக்கும் இதற்கும் உறவுண்டு. 1953இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஷிண்ட்லர் என்பவர் கார்பமசெப்பீனை ஆக்கினார். முகத்தில் மின்னல் வெட்டினாற்போல் வரும் நரம்பு நோவை அது தணிப்பதை, சுவீடன் வைத்தியர் புளோம் 1962இல் அறிவித்தார். பின்னர் அதுவே வலிப்புக்கும் சிறந்த மருந்தாயிற்று. காரணம் யாதெனில், நரம்பினுள் சோடியம் அயன்கள் புகும் வாயில்களை அடைத்து, ஓயாத துடிப்பை அது மட்டுப்படுத்துகின்றது. இரு நோய்களிலும் மிகையானது அத்துடிப்பே.

மருந்து கண்டால் மட்டும் போதுமா? அது குடிசைக்குச் சென்று சேர வேண்டாமா? கர்நாடகத்து யளந்தூர்க் கிராமங்களில் வைத்தியர் கே. எஸ். மணியும் அவர்தம் துணைவரும் அதனைச் செய்து காட்டினர். விலை மலிந்த பினோபார்பிட்டோன், பினைற்றோயின் என்பவற்றாலேயே நாட்டுப்புறத்திலும் வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர்களின் 2001ஆம் ஆண்டு ஆய்வறிக்கை கூறுகின்றது. தக்க சிகிச்சை பெற்றால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

வாலிபர்களே, உங்கள் கடமை எளிது. விழுந்தவரை ஒருபக்கமாய்ச் சரித்துக் கிடத்துங்கள். வாயில் எதையும் வையாதீர்கள், இரும்பைத் தேடாதீர்கள். ஐந்து நிமிடம் கடந்தும் வலிப்பு நில்லாவிடில் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். பெரியோர்களே, சுகம் கண்டதென்று எண்ணிக் குளிசையைத் திடீரென நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாய் மூளக்கூடும். கோவிலில் நேர்த்தி வையுங்கள்; வைத்தியர் தந்த குளிசையையும் தவறாது கொடுங்கள். ஒன்றுக்கொன்று பகையன்று.

மறைக்க வேண்டிய நோயன்று இது; மருந்துள்ள நோய்.