சாட்சி சொல்லப் போகும் தூரம்

(கமக்காரரும் தொழில்வல்லோரும் கூடிய கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நீதிமன்றத்திலே சாட்சி சொல்வதற்குக் கமக்காரர் ஒருவர் கொடுக்கும் விலை யாது? பஸ் கட்டணம் மட்டுமா? ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் உழைப்புப் போகிறது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் மறுபடியும் அதே பயணம்.

குமாரபுரத்தை எண்ணிப் பாருங்கள். 1996 பெப்ரவரி 11 இல் திருகோணமலை மாவட்டத்து அக்கிராமத்திலே 20 க்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். வழக்கு விளங்கப்பட்ட இடமோ அநுராதபுர மேல் நீதிமன்றம். உற்றாரை இழந்த ஏழைகள் அங்கே சென்று சாட்சியம் அளித்தனர். 2016 யூலையில் எதிரிகளான படையினர் அறுவரும் விடுதலையாயினர். தூரந்தான் தீர்ப்பைத் தீர்மானித்தது என்று நான் கூறவில்லை. அத்தூரத்தைச் சாட்சிகளே சுமந்தனர் என்பதைத்தான் கூறுகின்றேன்.

தூரத்தினும் கொடியது அச்சம். 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையிலே 5 மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். முக்கிய சாட்சிகள் உயிருக்கஞ்சி வெளிநாடு சென்றனர். 2019 யூலையில், போதிய சான்று இல்லையென்று சந்தேக நபர்கள் 13 பேரையும் நீதவான் விடுவித்தார்.

சட்டம் இல்லாமலா இவ்வாறு நடந்தது? ஒலி ஒளி இணைப்பின் மூலம் சாட்சியமளிக்க 2015 இன் 4 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிநாட்டில் இருப்போருக்கும் வழி திறந்தது. ஆனால் அவர்கள் இலங்கைத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அரச படைக்கு அஞ்சி ஓடியவர் அதே அரசின் கூரையின் கீழ் அமர்ந்து வாய் திறப்பாரா? இன்று 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம் நிற்கின்றது. சாட்சி தாம் வாழும் நாட்டின் நீதிமன்ற அறையிலிருந்து பேச வேண்டும். உள்நாட்டுச் சாட்சிக்கு அண்மையிலுள்ள நீதிமன்றத்திலே அறையும் கருவியும் வேண்டும். நாம் கேட்க வேண்டியவை இவையே.

நேரிலே காணாத சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எங்ஙனம் என்று என் தொழில் நண்பர்கள் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும் திரையிலே முகம் தெரிகின்றது. நான் அஞ்சுவது, படக்கருவிக்குப் புறத்தே நின்று சொல்லிக்கொடுப்பவனுக்கே. ஆதலால் நீதிமன்ற அலுவலர் ஒருவர் அவ்வறையில் இருத்தல் வேண்டும். மொழியும் கவலைக்குரியது. தமிழிலே சொன்ன சொல் உடைந்த ஒலியாய் மொழிபெயர்ப்பாளரை அடையுமாயின், பதிவேட்டில் ஏறுவது வேறொன்றாய்விடும்.

இனி, உங்கள் கையிலுள்ள தொலைபேசியைப் பற்றி ஒரு சொல். 1953 இலேயே எமது நீதிமன்றம் ஒலிப்பதிவு நாடாவைச் சான்றாக ஏற்றது. 1970 களின் இறுதியிலோ, 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் இடமில்லையென்று கணனிச் சான்றை மறுத்தது. 1995 இன் 14 ஆம் இலக்கச் சட்டமும் 2006 இன் 19 ஆம் இலக்கச் சட்டமும் அக்குறையை நீக்கின.

அயலவர் உங்கள் வரம்பை வெட்டியதைப் படம் பிடித்தீர்களாயின், அதனை அழிக்காதீர்கள், தொலைபேசியையும் விற்றுவிடாதீர்கள். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதனை முன்வைப்பதாயின், விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். தவணை நாட் காலையிலே அதை என் மேசைக்குக் கொண்டு வந்தால், வெட்டுண்ட வரம்பை நான் மட்டுமே பார்க்கலாம். நீதிபதி பார்க்க முடியாது.