வாயில்லா உயிர்களின் மனமொழி



மொழிக்கென நடைபெறும் சொற்பொழிவு வரிசையில் நாயையும் பூனையையும் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் உங்களுள் சிலர்க்கு எழக்கூடும். பேசலாம் என்பதே எம் துணிபு. நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்டதும் ஒரு மொழியே. அது நம் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் வழங்குகிறது. நாமோ அதைப் பெரும்பாலும் பிழையாகவே படிக்கிறோம். வளர்ப்பு விலங்குகளை 'வாயில்லாச் சீவன்' என்று இரக்கத்தோடு சொல்வது நம் வழக்கம். அச்சொல்லில் அன்பு உண்டு. ஆனால், அவை எதையும் சொல்வதில்லை என்னும் தவறான முடிவும் அதனுள் மறைந்திருக்கிறது.

எங்கள் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று

கொள்கையைச் சொல்லுமுன் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டிற்கு முத்து என்னும் நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமி முறியடிப்புத் திட்டம் சிங்கப்பூரில் நடப்பில் இருந்தது. வீட்டார் நால்வரும் இரவும் பகலும் வீட்டிலேயே இருந்தோம். தனிமை என்பது இன்னதென்றே முத்து அறியாமல் வளர்ந்தது.

பின்னர்ப் பள்ளிகளும் அலுவலகங்களும் திறந்தன. சில வாரங்களில் அண்டை வீட்டு அம்மையார் கதவைத் தட்டினார். "பகல் முழுதும் உங்கள் நாய் ஊளையிடுகிறது. இரவு வேலை முடித்து வரும் என் மகன் உறங்க வேண்டாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நாங்கள் மாலையில் வீடு திரும்பும்போது கதவின் அடிப்பகுதி கீறப்பட்டிருக்கும். காலணிகள் கிழிந்து கிடக்கும். கடிந்துகொள்வோம். முத்து தலையைத் தாழ்த்தும்; காதுகளைப் பின்னுக்கு இழுக்கும்; கண்ணை வேறுபுறம் திருப்பும். "செய்த குற்றம் அதற்கே தெரிகிறது பாருங்கள்" என்போம். தெரிந்தே செய்கிறது என எண்ணியதால் மறுநாள் இன்னும் உரக்கக் கடிந்தோம். ஊளை குறையவில்லை, கூடியது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்னும் பேச்சும் எழுந்தது.

இறுதியாகக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "இது குறும்பு அன்று, அச்சம். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது" என்றார். அஞ்சிய ஓர் உயிரை, அது அஞ்சியதற்காகவே பல வாரங்கள் தண்டித்து வந்திருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

குற்ற உணர்ச்சி என நாங்கள் படித்த அந்த முகக்குறியை ஆய்வாளர்கள் முன்பே ஆராய்ந்துள்ளனர். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அறிஞர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இது. தின்பண்டத்தைத் தொடாதே என நாய்க்குக் கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதோடு பொருந்தாத செய்தியும் சில வேளைகளில் அவருக்குச் சொல்லப்படும். முடிவு என்ன? அந்தக் 'குற்ற முகம்' நாய் தவறு செய்ததைப் பொறுத்துத் தோன்றவில்லை. உரிமையாளர் கடிந்ததைப் பொறுத்தே தோன்றியது. தவறே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் மிகுதியாகத் தெரிந்தது. நாம் குற்றம் எனப் படித்த எழுத்து, அச்சம் என்று எழுதப்பட்டிருந்தது.

தொல்காப்பியர் காட்டும் வழி

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின்வழிப் புலப்படுவதை நம் இலக்கணம் மெய்ப்பாடு என்னும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. அச்சம் தோன்றும் களங்கள் நான்கனுள் விலங்கும் ஒன்று. அங்கே விலங்கு அஞ்சத்தக்க பொருளாக வருகிறதேயன்றி, அஞ்சும் உயிராக வரவில்லை. மெய்ப்பாட்டியல் மக்களின் உணர்வையும் செய்யுளையும் கருதி எழுந்தது. ஆதலால் அது குறையன்று.

மரபியலோ உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. விலங்குகளுக்கு ஐந்தறிவு, ஆறாவது அறிவாகிய மனம் மக்களுக்கு உரியது. பள்ளியில் நாம் கற்பிப்பது இவ்வளவே. ஆயினும் விலங்கினத்தில் ஒருசாரையும் ஆறறிவு வரிசையில் சேர்க்கும் நூற்பா ஒன்று அதே மரபியலில் உண்டு. 'ஐந்தறிவு' என்பதை இழிசொல்லாக வழங்கும் நாம் அந்நூற்பாவை மாணவர்க்குக் காட்டுவது நன்று.

மேலைநாட்டில் சார்லசு டார்வின், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை பற்றி 1872ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். 2012ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலைக்கு அடிப்படையான நரம்பு அமைப்புகள் மனிதர்க்கு மட்டும் உரியவை அல்ல என அறிவித்தனர். விலங்கு நலத்தை அளக்க டேவிட் மெல்லர் முதலியோர் 1994ஆம் ஆண்டில் முன்வைத்த ஐந்து களங்களுள் உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் ஐந்தாவதாகிய மனநிலையில் வந்து கூடுகின்றன. வயிறு நிறைந்திருந்தும் ஓர் உயிர் துன்பத்தில் இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

படிக்க வேண்டிய எழுத்துகள்

நாய் வாலாட்டினால் மகிழ்ச்சி என்று சிறுவர்க்குச் சொல்லித் தருகிறோம். எப்போதும் அப்படியன்று. உடல் விறைத்து, வால் நிமிர்ந்து, மேலே விரைவாக அசையுமாயின் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தூக்கமின்றிக் கொட்டாவி விடுவதும், உணவில்லாதபோது உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அதன் மனம் அமைதியாக இல்லை என்பதற்கான குறிகள். இக்குறிகளைக் கவனியாமல் குழந்தையை அருகில் விட்டுவிட்டு, 'திடீரெனக் கடித்துவிட்டது' என்கிறோம். அது முன்னரே பலமுறை சொல்லியிருக்கும்.

பூனை தன் துன்பத்தை ஒளிக்கும் இயல்புடையது. ஒளிந்துகொண்டே இருத்தல், தன் மயிரை நக்கித் தூய்மை செய்வதை விட்டுவிடுதல் அல்லது புண்ணாகும்வரை நக்குதல், மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தல் ஆகியவற்றைக் கண்டால் முதலில் மருத்துவரிடம் காட்டுக. உடல்நோயும் இவ்வாறே வெளிப்படும். நோயில்லை எனத் தெரிந்தபின் மனத்தை நோக்குக. பூனை கண்களை மெல்ல மூடித் திறந்தால் அது நட்பின் குறி. நாமும் அவ்வாறே செய்தால் அதற்குப் பூனை மறுமொழி தருகிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற 2020ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. கூண்டுக்கிளி தன் இறகைத் தானே பிடுங்குவதையும் அழகுக்கேடு என ஒதுக்கலாகாது. நோயோ, சலிப்போ, தனிமையோ அதன் காரணமாகலாம்.

நாம் செய்யத்தக்கவை

சிங்கப்பூரில் 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். சன்னல்களுக்கு வலையடிப்பது உடலைக் காக்கும். மனத்தைக் காக்க உயரமான ஓரிடமும், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் தருக. நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் நடந்த ஆய்வில், ஒளியப் பெட்டி பெற்ற பூனைகள் புதிய இடத்திற்கு விரைவில் பழகின. அதற்குச் செலவு பழைய அட்டைப்பெட்டி ஒன்றே.

இடியும் மழையும் நிறைந்த நாடு நம்முடையது. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் செவி 40,000க்கும் மேல் கேட்கும். இடியோசைக்கும் வெடியோசைக்கும் அஞ்சும் நாயைக் கேலி செய்யாமலும் கட்டிப்போடாமலும், சன்னலை அடைத்து, வீட்டின் உட்புறத்தில் அதன் அருகே அமர்ந்திருந்தாலே போதும். அகநானூற்றின் நான்காம் பாட்டில் வரும் தலைவன், பூவில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என அஞ்சித் தன் தேர்மணியின் நாவைக் கட்டி ஒலி அடக்கி வருகிறான். பிற உயிரின் செவியை எண்ணித் தன் ஓசையைக் குறைத்தவன் அவன்.

முத்துவுக்கு நாங்கள் செய்ததும் சிறு சிறு செயல்களே. கதவைச் சாத்தி ஐந்து நொடியில் திரும்பினோம். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என மெல்ல நீட்டினோம். வெளியே போகாத வேளையிலும் சாவியைக் கையில் எடுத்து வைத்தோம். சாவியோசையின் அச்சம் நீங்கிற்று. கிளம்புமுன் நடக்க அழைத்துச் சென்றோம்; உள்ளே உணவு பொதிந்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்தோம். கடிவதை அறவே விட்டோம். அண்டை வீட்டு அம்மையாரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவரோ, முத்து எந்த நாளில் எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது என்று எங்களுக்குக் குறித்துத் தரத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் ஊளை நின்றது.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். குரைத்தல், உறுமுதல், முனகுதல், ஊளையிடுதல், குழைதல், சீறுதல் எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மாணவர் கட்டுரைகளிலோ 'நாய் கத்தியது' என்பதே மிகுதி. உறுமலையும் முனகலையும் பிரித்தறியும் சொல் இருந்தால்தான், அச்சத்தையும் சினத்தையும் பிரித்தறியும் கண்ணும் அமையும். வீட்டு விலங்கு ஒன்றை ஒரு வாரம் உற்றுநோக்கி, அதன் மெய்ப்பாடுகளை ஏற்ற சொற்களால் எழுதிவரச் சொல்லுங்கள். வீட்டில் விலங்கு இல்லாத மாணவர், அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பூனையைத் தொலைவிலிருந்து நோக்கலாம்.

மாணவச் செல்வங்களே, இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் நாயோ பூனையோ என்ன சொல்கிறது என்று சற்று நின்று பாருங்கள். அதட்டுவதற்கு முன் பாருங்கள். நாங்கள் பல வாரங்கள் பிந்திப் பார்த்தோம்.