எடைக்குப் போகாத சித்திரக் கதைகள்



இலக்கிய மேடையில் சித்திரக் கதைக்கு என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. ‘காமிக்ஸ்’ என்றதும் பாடநூலுக்குள் ஒளித்து வைத்துப் படித்ததும், பெரியோர் பறித்து எறிந்ததுமே பலருக்கு நினைவில் வரும். ஆயினும் ஐம்பது வயதைக் கடந்த தமிழர் பலர் இன்றும் அப்பழைய இதழ்களைத் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். இதனை இளமை ஏக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. தமிழ் அச்சுலகின் ஒரு பகுதி அவர்கள் வீட்டு அலமாரிகளில்தான் அழியாமல் இருக்கிறது.

1972ஆம் ஆண்டில் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் 1962இல் தோன்றிய தொடர் அது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பெற்றவன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உருவம் மறையும். இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். ஆங்கிலத் தலைப்பை அப்படியே பெயர்த்திருந்தால் ‘எஃகு நகம்’ என்று வந்திருக்கும். தமிழாக்கியோர் அதைத் தவிர்த்து, நம் பழங்கதைகளில் வழங்கும் ‘மாயாவி’ என்ற சொல்லைச் சூட்டினர். அந்த ஒரு சொல்லால் அயல்நாட்டு வீரன் தமிழ் வீடுகளுக்கு உறவினன் ஆனான்.

1984இல் சௌந்திரபாண்டியன் அவர்களின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ராணி காமிக்ஸும் அதே ஆண்டில் வெளிவந்தது. இக்காலத்தில்தான் குதிரையும் துப்பாக்கியுமாக அமெரிக்க மேற்குப் பகுதியின் வீரர்கள் தமிழில் பெருகினர். அவ்வீரர்களைப் படைத்தோர் பலர் அமெரிக்கர் அல்லர் என்பது வியப்புக்குரியது. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். லக்கி லூக்கை 1946இல் படைத்த மோரிஸ் பெல்ஜியம் நாட்டவர். தமிழில் ‘கேப்டன் டைகர்’ எனப் பெயர் பெற்ற புளூபெர்ரி 1963இல் பிரெஞ்சு இதழொன்றில் தோன்றினார். ஐரோப்பியர் கற்பனையில் கண்ட அமெரிக்காவைத் தமிழ்ச் சிறுவர் தம் கற்பனையில் மீண்டும் கண்டனர்.

அந்த உலகம் தமிழருக்கு அன்னியமாகப் படவில்லை. நீரற்ற நெடுவழியும் அவ்வழியில் மறைந்திருக்கும் ஆறலை கள்வரும் நம் பாலைத் திணைக்கு உரியவை. ஆநிரை கவர்வது வெட்சி. அதனை மீட்பது கரந்தை. மீட்புப் போரில் மாண்டவனுக்கு நடுகல் எடுப்பதும் நம் மரபு. மாட்டு மந்தையைக் கடத்துவோரை டெக்ஸ் துரத்தும்போது, சங்க இலக்கியம் பயின்றவர் கரந்தை வீரனை நினைவுகூர்வர். பயிலாத சிறுவனும் அந்த அறத்தை உணர்ந்தான்.

அக்கதைகளில் குறை இல்லாமல் இல்லை. செவ்விந்தியர் என்று அழைக்கப்பட்ட மண்ணின் மைந்தர், கூக்குரலிட்டுக் கொல்ல வருவோராகவே பல கதைகளில் தீட்டப்பட்டனர். டெக்ஸோ நவஹோ மக்களின் தலைவராக ‘இரவுக்கழுகு’ என்னும் பெயருடன் அவர்களுக்காக வாதாடுபவர். இந்த வேற்றுமையை ஆராய வேண்டுமானால் இரு வகை நூல்களும் கையில் இருக்க வேண்டும்.

ஓவியத்தின் சிறப்பையும் சொல்லியாக வேண்டும். மாயாவியைத் தீட்டிய ஜீஸஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். கறுப்பு, வெள்ளை என்ற இரண்டை மட்டும் கொண்டு, வெற்றிடத்தில் ஒரு கையை வரைந்து, காணாத உடலைப் படிப்பவர் மனத்தில் எழச் செய்தார். டெக்ஸின் முதல் ஓவியரான கலெப்பினி, தாம் மறைந்த 1994ஆம் ஆண்டு வரை அத்தொடருக்கு அட்டைப்படம் தீட்டினார். டைகரின் பாறைகளையும் புழுதியையும் வரைந்த ஜான் ஜிரோ, ‘மோபியஸ்’ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார். அந்நாளைய ஆங்கில வார இதழ்களில் ஓவியரின் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இதழ்களைச் சேர்த்து, கோட்டோடு கோட்டை ஒப்பிட்டு, ‘இது இன்னார் கைவண்ணம்’ என்று கண்டு சொன்னோர் சேகரிப்பாளரே.

இழந்தவையும் பல. பள்ளிப்படிப்பு முடிந்து பிள்ளை வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்டதும், பரணில் இருந்த கட்டு பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போயிற்று. பழைய நூல்களின் சந்தையாக விளங்கிய சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. எஞ்சியவை மலிவுத்தாளில் அச்சானவை. ஆண்டுதோறும் பழுத்து ஒடிகின்றன.

இங்கே இரு பெரியோரை நினைத்தல் தகும். வெள்ளாற்றங்கரை ஊராம் லப்பைக்குடிக்காட்டுக்கு அணித்தான குன்னத்திலும் அரியலூரிலும் இளமையில் தமிழ் பயின்றவர் உ.வே.சாமிநாதையர். செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அவர் அலைந்திராவிடில் சங்க நூல்கள் சில நமக்கு எட்டியிரா. கோட்டையூர் ரோஜா முத்தையாவோ விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் எனப் பிறர் குப்பை என்றவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அச்சேகரிப்பே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. சுவடியும் சித்திரக் கதையும் பெருமையில் ஒன்றென்று எவரும் கூறார். எதைக் காப்பது என்பதைக் காலம் தீர்மானிக்கும் முன்பே காக்கத் துணிந்தமையில்தான் ஒற்றுமை.

ஆகவே, சேகரிப்பாளர் கதவைப் பூட்டிக்கொண்டு மகிழ்தல் போதாது. ஒவ்வோர் இதழின் பெயர், ஆண்டு, மூலத்தொடர், ஓவியர் ஆகியவற்றை அட்டவணைப்படுத்த வேண்டும். பெயர் அச்சாகாத தமிழாக்கியோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். தமக்குப்பின் அந்நூல்கள் சேரவேண்டிய நூலகத்தை இன்றே முடிவு செய்ய வேண்டும். ஊர்தோறும் இலக்கிய வட்டங்கள் இதற்குத் துணைநின்றால், பரணிலிருந்து இறங்கும் அடுத்த கட்டு தராசில் ஏறாமல் தப்பும்.