நம் சுவருக்குள் ஒரு கடல்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு 15 நிமிஷம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்து பார்க்கிங் பிரச்சினை இருக்கிறது, பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். சுருக்கமாக முடிக்கிறேன்.

கடல் அமிலமாதல் பற்றிப் பேசப் போகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், லிஃப்டில் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்றால் காவிரி தெரியும், கொள்ளிடம் தெரியும். கடல் எங்கே சார் தெரியும்?" நியாயமான கேள்வி. நீங்கள் இப்போது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்தச் சுவரில் தெரியும் என்பதுதான் என் பதில்.

இங்கிருந்து அரியலூர் போகும் ரயிலில் லால்குடி தாண்டினால் கல்லக்குடி வரும். 1953-ல் பெயர் மாற்றப் போராட்டம் நடந்த அதே கல்லக்குடிதான். அங்கே 1939-லேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. அப்புறம் அரியலூரைச் சுற்றி எத்தனை ஆலைகள் என்று உங்களுக்கே தெரியும். காரணம் பூமிக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக் கல். அது அங்கே எப்படி வந்தது? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்த நிலமெல்லாம் கடல். (மலைக்கோட்டைப் பாறை அதைவிடப் பல மடங்கு பழசு, அது வேறு கதை.) நத்தைபோல் சுருண்ட அம்மோனைட், சிப்பி, பவளம் எல்லாம் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம் பக்கம் கல்லாகிக் கிடக்கின்றன. பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1862-ல் இந்தப் பாறைகளைப் பற்றி எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களே பாறை அடுக்குகளின் பெயராகி, இன்றும் நிலவியல் புத்தகங்களில் இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது சிப்பியை அல்ல, பாசியை. நின்னியூர்ப் பாறைகளில் உள்ள பாசிப் படிமங்களைப் பற்றி எல். ராமராவும் ஜூலியஸ் பியா என்ற ஆஸ்திரிய அறிஞரும் 1936-ல் ஒரு நூலே எழுதினார்கள். கல்லக்குடிச் சுண்ணாம்புக் கல்லிலும் பவளத்தோடு பாசிக்குப் பெரிய பங்கு உண்டு. பாசி என்றால் வழுக்கும் பச்சை என்றுதானே நினைப்போம்? சில பாசிகள் உடம்பிலேயே சுண்ணாம்பைக் கட்டிக்கொள்ளும். இளஞ்சிவப்பாகக் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும், தொட்டால் கல்தான். கடலுக்கு அவைதான் கொத்தனார். பவளத் துண்டுகளையும் உடைந்த ஓடுகளையும் பூசி ஒட்டித் திட்டாக்குவது அவை. பவளக் குஞ்சுகள் மிதந்து வந்து உட்கார இடம் தேடும்போது, பல இனங்கள் இந்தப் பாசி இருக்கும் கல்லைத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

நேற்று மாலை நம் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஒரு சோதனை செய்தார்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ராத்திரி முழுக்க வைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு டம்ளரில் ஊற்றினோம். ஸ்ட்ராவால் ஊதினால் கொஞ்ச நேரத்தில் பால்போல ஆகிவிடும். எட்டாம் வகுப்பில் எல்லோரும் பார்த்ததுதான். பள்ளிக்கூடத்தில் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. ஆள் மாற்றி ஆள் ஊதிக்கொண்டே இருந்தார்கள். மூச்சில் கரியமில வாயு 4 சதவீதம்தான் என்பதால் நேரம் பிடித்தது, ஒரு பையனுக்குத் தலைசுற்றி உட்கார வைத்தோம். ஆனால் பால் மெல்ல மெல்ல நீர்த்து, டம்ளருக்குப் பின்னால் பிடித்த விரல் மறுபடி தெரிய ஆரம்பித்தது. அந்த வெள்ளைத் தூளின் பெயர் கால்சியம் கார்பனேட். சங்கு, சிப்பி, பவளம், சுண்ணாம்புப் பாசி எல்லாமே அதுதான். கரியமில வாயு அளவுக்கு மிஞ்சினால் அது கரையும்.

கடலில் நடப்பதும் இந்தக் கணக்குதான். நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. தண்ணீரில் அது அமிலமாகி, ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட்டை முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. தொழில் யுகத்துக்கு முன் கடல்நீரின் பி.எச். சுமார் 8.2. இப்போது 8.1-க்கும் சற்றுக் கீழே. பயப்படாதீர்கள், கடல் எலுமிச்சைச் சாறாகிவிடாது, இன்னும் காரத்தன்மையில்தான் இருக்கிறது. ஆனால் பி.எச். கணக்கு ரூபாய்க் கணக்கு மாதிரி அல்ல. 0.1 இறங்கினாலே அமிலத்தைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் 26 சதவீதம் கூடிவிட்டன என்று அர்த்தம். புகை குறையாவிட்டால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் இன்னும் 0.3 இறங்கலாம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது கடலின் பி.எச். சட்டென்று 0.25 அளவு இறங்கியது என்று 2019-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. நம் காரைப் பக்கத்து அம்மோனைட்டின் வம்சம் அந்தக் காலத்தில்தான் பூண்டோடு போனது. அதற்கு அமிலம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை.

இத்தாலியில் இஸ்கியா என்ற தீவில் எரிமலை வாயு கடலடியிலிருந்து குமிழ்விட்டு வருகிறது. அங்கே போய்ப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். குமிழுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புப் பாசி இல்லை, பவளம் இல்லை. நத்தைகளின் ஓடு அரித்திருந்தது. ஆனால் கடற்புல் செழித்திருந்தது. அதனால் பாசியெல்லாம் அழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுண்ணாம்பு கட்டாத பாசிகளில் சிலவற்றுக்குக் கரியமில வாயு உரம் மாதிரி. கொத்தனார் போய்விட்டு, களை மட்டும் செழிக்கும் என்பதுதான் விஷயம்.

நமக்கு அருகில் இது எங்கே உறைக்கும் என்றால், மன்னார் வளைகுடாவில். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பெயர்கூட அழகாக இருக்கும். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. ரம்ஜானுக்கு மூன்றாம் மாடியிலிருந்து நம் எல்லார் வீட்டுக்கும் வந்ததே கடல்பாசி, அந்த மாதிரிப் பண்டத்துக்கு மூலப்பொருள் மரிக்கொழுந்து. இந்தப் பாசிக்குச் சுண்ணாம்பு உடம்பு கிடையாது. ஆனால் அது பிடித்து வளர்வது பவளக் கல்லில். கல்லை ஒட்டிவைப்பது யார் என்று முன்பே சொன்னேன்.

அந்தப் பவளம் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்தது. அது வெப்பத்தால் வந்தது, அமிலத்தால் அல்ல. ஆனால் செத்த இடத்தில் மறுபடி கட்ட வேண்டுமே, அங்கேதான் அமிலம் குறுக்கே நிற்கும். திட்டு தேய்ந்தால் அதில் மேயும் நத்தையும் நண்டும் குறையும், அவற்றைத் தின்று பவளச் சந்துகளில் வாழும் விளைமீன், களவா குறையும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கே குடிவந்த சைவக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெருமாள் கையில் இருக்கும் சங்கும் அந்தக் கடலில் விளைகிற கால்சியம் கார்பனேட்தான்.

இப்போது சுவருக்கு வருகிறேன். சிமெண்ட் ஆலையில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும். எரிக்கும் நிலக்கரி தனி. அந்தக் காலத்துப் பாசி கல்லுக்குள் பூட்டிவைத்ததை நாம் திறந்துவிடுகிறோம், அது இந்தக் காலத்துப் பாசியின் தலையில் போய் விழுகிறது. உலகத்தின் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு மட்டும் 7, 8 சதவீதம்.

நானும் கான்கிரீட் வீட்டில்தான் இருக்கிறேன், குடிசைக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பின்பக்கத்து மண் தரை 1,200 சதுர அடியையும் 4 அங்குலத்துக்குக் கான்கிரீட் போடலாம் என்ற தீர்மானம் இன்று வருகிறது. கணக்குப் போட்டேன். சுமார் 90 மூட்டை, நாலரை டன் சிமெண்ட். டன்னுக்கு 600 கிலோ என்று வைத்தாலும் இரண்டரை டன்னுக்கு மேல் கரியமில வாயு. மழைத் தண்ணீர் இறங்குவதும் நிற்கும். நடைபாதைக்கு மட்டும் கல் பதித்துவிட்டு மிச்சத்தை மண்ணாகவே விடலாம் என்பது என் கருத்து. மொட்டை மாடி ரிப்பேருக்கு வரும் காண்ட்ராக்டரிடம் சாம்பல் கலந்த பி.பி.சி., இல்லாவிட்டால் ஸ்லாக் சிமெண்ட்தான் வேண்டும் என்று கேளுங்கள். சுட்ட சுண்ணாம்பு அதில் குறைவு. கியூரிங்குக்கு மட்டும் கூடுதலாக நாலு நாள் தண்ணீர் விடச் சொல்லுங்கள், அங்கேதான் ஏமாற்றுவார்கள்.

சுண்ணாம்பு நீர் இரண்டு பாட்டில் மிச்சம் இருக்கிறது, வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் செய்து பார்க்கட்டும், பக்கத்தில் பெரியவர் யாராவது இருங்கள். ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது. கண்ணிலும் படக்கூடாது. செயலாளர் சார், பார்க்கிங்கை ஆரம்பிக்கலாம்.